குவியலுக்குள் ஒரு கை

(தொழில் தொடங்க எண்ணும் இளம் பொறியாளர்களுக்காகச் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடையில் வீற்றிருக்கும் ஆலிம் பெருமக்களே, வியாபாரத்தில் தலை நரைத்த பெரியோர்களே, அலுவலகம் முடிந்து மடிக்கணினிப் பையோடு நேரே இங்கே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! மாற்றுச் சமயச் சகோதரர்களும் இந்த அவைக்கு வந்திருக்கிறீர்கள்.  நான் பேசப்போவது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இஸ்லாமிய நெறியில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்குவது எப்படி? இதுதான் இன்றைய பொருள். இந்தத் தலைப்பைச் சொன்னவுடன் நம் பிள்ளைகள் மனதில் எழுவது என்ன? ஓர் அரபுப் பெயர். பச்சை நிறத்தில் ஒரு சின்னம். முகப்பில் ‘ஹலால்’ என்ற சொல். நான் கேட்கிறேன்: இவ்வளவும் இருந்துவிட்டால் போதுமா? இவற்றில் ஒன்றுகூட இல்லாத நிறுவனம் இஸ்லாமிய நெறியில் நடக்கவே முடியாதா?

மதீனத்துச் சந்தைக்குப் போவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தை வழியே நடந்து வருகிறார்கள். ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருக்கிறார். மேலே பார்த்தால் நல்ல காய்ந்த தானியம். நாயகம் அவர்கள் குவியலுக்குள் கையை விடுகிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று கேட்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது, அல்லாஹ்வின் தூதரே என்கிறார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற பொருளில் எச்சரித்தார்கள்.

கவனியுங்கள். அந்த வியாபாரி ஒரு முஸ்லிம். நின்று விற்ற இடம் மதீனா. விற்ற பொருள் ஹலாலான தானியம். பெயரில் குற்றமில்லை, இடத்தில் குற்றமில்லை, பொருளில் குற்றமில்லை. ஆனாலும் கை உள்ளே போனது! அந்தக் கையை நம் நிறுவனங்களுக்குள் விட்டுப் பார்க்கத்தான் இன்று நான் வந்திருக்கிறேன்.

முதலில் பணம். எந்தத் தம்பியைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறான்: “திட்டம் இருக்கு அண்ணே, பணம்தான் இல்லை. வட்டிக்கு வாங்க மனசு வரலை.” அவன் சொல்வது உண்மை. 2008-இல் பொருளாதார அறிஞர் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழிவகுக்கலாம் என்று பரிந்துரைத்தது. பல ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. கடைசியில் 2017-இல் அந்த யோசனையைத் தொடரப்போவதில்லை என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆகவே வங்கிக் கதவு நமக்கு அரைகுறையாகத்தான் திறந்திருக்கிறது. அதற்காக வேறு கதவே இல்லையா?

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்து இறங்கியவர். மதீனாவின் செல்வந்தர் சஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். அப்துர் ரஹ்மான் அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது, வழி காட்டுங்கள் என்றார். நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தொடங்கினார். பின்னாளில் மதீனாவின் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார். இன்று கிண்டியிலும் தரமணியிலும் முதலீட்டாளர் யாருமில்லாமல், முதல் வாடிக்கையாளர் தரும் பணத்திலேயே நிறுவனத்தை வளர்க்கும் பிள்ளைகள் போவது அந்த வழியில்தான். மென்பொருளுக்குக் கிடங்கு வேண்டாம், கப்பல் வேண்டாம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் கடல் தாண்டி வியாபாரம் செய்ய எத்தனை பேரின் முதலைத் திரட்ட வேண்டியிருந்தது! உங்களுக்கு அந்தப் பாரம் இல்லை. ஒரு பல்மருத்துவமனைக்கோ, ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதியாளருக்கோ ஒரு சிறிய மென்பொருளை எழுதிக் கொடுத்து, அந்த வருமானத்தில் அடுத்ததைக் கட்டலாம்.

எல்லாத் தொழிலும் அப்படி வளராது என்பதும் எனக்குத் தெரியும். வெளிமுதல் தேவைப்படும். அதற்கு நம் மார்க்கம் வழி சொல்லியிருக்கிறது. ஒருவர் பணம், மற்றவர் உழைப்பு என்றால் முளாரபா. இருவருமே பணம் போட்டால் முஷாரகா. லாபம் வந்தால் முன்பே பேசிய விகிதத்தில் பங்கு. நட்டம் வந்தால்? முளாரபாவில் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். முஷாரகாவில் அவரவர் போட்ட முதலின் அளவுக்கு நட்டம். உழைத்தவன் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டாலன்றி, பணத்தைத் திருப்பித் தா என்று அவன் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

இதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் நடப்பது என்ன? நம் ஊர்களில் நடப்பதை அப்படியே சொல்கிறேன். ஒருவர் தம்பியின் தொழிலில் ஐந்து லட்சம் போடுகிறார். “வட்டி ஹராம்ப்பா, நான் பங்குதான் எடுத்துக்குவேன்” என்கிறார். லட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம் என்று பேசிக்கொள்கிறார்கள். முதல் மாதம் பத்தாயிரம். இரண்டாம் மாதம் பத்தாயிரம். மூன்றாம் மாதம் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் வருமானம் இல்லை, அப்போதும் பத்தாயிரம். தம்பி எங்கோ கைமாற்று வாங்கிக் கொடுக்கிறான். லாபம் ஏறினாலும் அதே தொகை, இறங்கினாலும் அதே தொகை. என் சகோதரர்களே, இதற்குப் பங்கு என்றா பெயர்? நட்டத்தைத் தொடாத பங்கு எங்கே இருக்கிறது? இது வட்டிதான். தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதே பழக்கம் பெரிதாக வளர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதை 2019 ஜூனில் பெங்களூரில் பார்த்தோம். ஹலால் முதலீடு என்று சொல்லி ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் மாதாமாதம் லாபப் பங்கு கொடுத்து வந்தது. நம்பிப் போட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் கல்யாணப் பணம், ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பு, நகையை விற்ற காசு. ஒருநாள் கொடுப்பது நின்றது. உரிமையாளர் நாட்டை விட்டே போனார். திரும்பி வந்தபோது கைதானார். பல்லாயிரம் குடும்பங்கள் புகார் மனுவோடு வரிசையில் நின்றன. ஆலிம்களே பரிந்துரைத்தார்களே என்று அவர்களில் பலர் அழுதார்கள். பணம் எந்தத் தொழிலில் போகிறது, அதில் லாபம் எப்படி வருகிறது, தணிக்கை செய்தது யார் என்று யாராவது அந்தக் குவியலுக்குள் கையை விட்டிருந்தால்?

முதலீட்டு நிறுவனங்களிடம் போகும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கன்வர்டிபிள் நோட் என்று ஓர் ஆவணம் தருவார்கள். பிறகு பங்காக மாறும் கடன் அது. பெரும்பாலும் அதில் ஆண்டு வட்டி என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடுங்கள். 2013-இல் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் என்ற முதலீட்டு நிறுவனம் ‘சேஃப்’ என்ற ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. அதில் வட்டியும் இல்லை, தவணை நாளும் இல்லை. அவர்கள் மார்க்கத்துக்காக அதைச் செய்யவில்லை. ஆனாலும் வட்டியில்லாமல் முதல் திரட்ட முடியாது என்பவர்களுக்கு அதுவே பதில். அதிலும் கேட்டுத் தெளிய வேண்டிய இடங்கள் உண்டு. நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளருக்கே முதலில் பணம் என்ற பிரிவைப் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆனால், நிறுவனம் மூழ்கினாலும் உன் சொந்த வீட்டை விற்றாவது என் முதலைக் கொடு என்று உத்தரவாதம் கேட்கும் பிரிவில் குழப்பமே இல்லை. அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி, என் மனதை மிகவும் வருத்தும் இடத்துக்கு வருகிறேன்.

அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள். நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். வெளியே மக்காவாசிகள் கொலை செய்யக் காத்திருக்கிறார்கள். அந்த மக்காவாசிகளின் பொருள்களே நாயகம் அவர்களிடம் அடைக்கலமாக இருந்தன. நாயகம் அவர்களை எதிர்த்தவர்கள்கூட விலைமதிப்புள்ளதை அவர்களிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்திவிட்டுப் போனார்கள். உயிர் போகும் நேரத்திலும் அடுத்தவர் பொருளுக்குக் கணக்கு!

இன்று மக்கள் உங்களிடம் ஒப்படைக்கும் அமானிதம் எது? அவர்களின் தொலைபேசி எண், இருக்குமிடம், நோய், வருமானம், யாரோடு பேசினார்கள் என்ற பட்டியல். இதைக் காப்பாற்றினோமா?

‘முஸ்லிம் ப்ரோ’ என்ற செயலியை இந்த மண்டபத்திலேயே பலர் வைத்திருப்பீர்கள். தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் சிங்கப்பூர் நிறுவனத்தின் செயலி. 2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்ட் செய்தித் தளம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அப்போது அந்தச் செயலி 9 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் தரவிறக்கப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபாரிக்குப் போயிருக்கிறது. அந்த வியாபாரியின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள். ராணுவத்துக்கு நாங்கள் விற்கவில்லை என்று செயலி நிறுவனம் மறுத்தது, எக்ஸ்-மோடுடன் இருந்த உறவையும் உடனே முறித்துக்கொண்டது. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்குப் போய்வருவோரின் தகவலை விற்கக் கூடாது என்று அந்தத் தரவு நிறுவனத்துக்கே தடை விதித்தது.

எவ்வளவு வேதனை, பாருங்கள்! பாங்கு கேட்க வைத்த செயலி. தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகைக்கு எழுப்பும் செயலி. இதில் தொழில்நுட்பம் தெரிந்த தம்பிகளுக்கு இன்னொரு விஷயம் புரியும். தொழுகை நேரத்தைக் கணக்கிட என்ன வேண்டும்? அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகையில் இருக்கிறது என்ற கணக்கு. அவ்வளவுதான். கைபேசிக்குள்ளேயே கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். சர்வருக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. சென்னையில் ஒரு கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தால் தொழுகை நேரம் எவ்வளவு மாறும்? இரண்டு வினாடி சொச்சம். ஊர் பெயர் தெரிந்தாலே போதும் என்ற இடத்தில், தெருவையும் வீட்டையும் ஏன் கேட்க வேண்டும்?

நடப்பது எப்படி என்றும் சொல்கிறேன். தரவு வியாபாரி ஒரு எஸ்.டி.கே. தருகிறார். சில வரி நிரல். அதை உங்கள் செயலிக்குள் ஒட்டினால், பயனாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதாமாதம் பணம் வரும். நள்ளிரவில் ஒரு பொறியாளர் அந்த வரிகளை ஒட்டுகிறார். அதை யாரும் பார்ப்பதில்லை. முகப்பு அழகாகத்தான் இருக்கிறது, பிறைச்சின்னம் ஒளிர்கிறது. ஈரம் அந்தச் சில வரிகளுக்குள் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிறரைத் துருவித் துருவி ஆராய வேண்டாம் என்று தடுத்த மார்க்கம். இந்திய நாடாளுமன்றம் 2023-இல்தான் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததா?

ஆகவே உங்கள் நிறுவனத்தில் முதல் நாளே ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். எந்தத் தகவலைக் கேட்கும்போதும், இது இல்லாமல் சேவை தர முடியாதா என்று பொறியாளர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். முடியும் என்றால் அந்தத் தகவலைக் கேட்கவே கூடாது.

அடுத்து விற்பனை. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் பட்டு வியாபாரம் செய்தவர். விற்கும் சரக்கில் ஒரு துணியில் குறை இருந்தது. வாங்குபவரிடம் அதைக் காட்டி விற்கும்படி கூட்டாளியிடம் சொல்லியிருந்தார். கூட்டாளி மறந்துவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். குறை இருந்த துணியின் விலையை மட்டுமா? முழுவதையும்! இப்போது சொல்லுங்கள், பிழை இருக்கிறது என்று தெரிந்தும் மென்பொருளை விற்று, ஒப்பந்தம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோமே, அது எதில் சேரும்? இலவசச் சோதனை என்று அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு, நிறுத்தும் பொத்தானை ஏழு பக்கங்களுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறோமே, அது எதில் சேரும்? இந்திய அரசு 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் விலையை ஏற்றுவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடும் போலி வாடிக்கையாளரை நாயகம் (ஸல்) அவர்கள் அன்றே தடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுத வைப்பது அந்தத் தடைக்குள் வராதா?

பொருளே ஹராமாக இருந்தால் நான் அதிகம் பேச வேண்டியதில்லை. ஆன்லைன் சூதாட்டத்தில் தமிழ்நாடு எத்தனை உயிர்களை இழந்தது! 2022-இல் சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்தது. கடன் செயலிகள் இன்னொரு கொடுமை. அவற்றை நடத்தியவர்கள் கைபேசியில் இருக்கும் தொடர்பு எண்களை எல்லாம் உருவி, உறவினர்களுக்கு அசிங்கமான செய்தி அனுப்பி மிரட்டினார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலி தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்று கட்டளையிட்டது. அந்த உருவும் நிரலை எழுதியது யார்? நம்மைப் போல் பட்டம் வாங்கிய ஒரு பொறியாளர்தான். சம்பளத்துக்கு வேலை பார்த்தேன் என்பது மறுமையில் பதிலாகுமா?

தொழில்நுட்பத்தால் நன்மை செய்த இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் முஸ்லிம் இளைஞர்கள் ‘லாஞ்ச்குட்’ என்ற நிதிதிரட்டும் தளத்தைத் தொடங்கினார்கள். 2017 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் அருகே ஒரு யூதக் கல்லறைத் தோட்டத்தில் யாரோ கல்லறைக் கற்களைத் தள்ளி உடைத்தார்கள். அதைச் சீரமைக்க முஸ்லிம்கள் இந்தத் தளத்தில் 20,000 டாலர் கேட்டார்கள். சில மணி நேரத்தில் அந்தத் தொகை சேர்ந்தது. பிறகு ஒரு லட்சத்தையும் தாண்டியது. மேடையில் ஆயிரம் விளக்கம் சொன்னாலும் வராத நல்லெண்ணத்தை அந்தத் தளம் கொண்டுவந்தது. இந்த நாட்டிலும் அப்படி ஒன்று செய்ய நம்மால் முடியாதா?

உள்நிர்வாகத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியர்வை காயுமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்துவிட்டு, “அடுத்த சுற்று முதலீடு வரட்டும்” என்று மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்துவது எப்படி நியாயமாகும்? அனுபவம் கிடைக்கிறதே என்று பயிற்சிக்கு வந்த பிள்ளையிடம் இலவசமாக வேலை வாங்குவது எப்படி நியாயமாகும்? ஜகாத் கணக்கில், கையில் இருக்கும் பணத்துக்கும் வர வேண்டிய பாக்கிக்கும் ஜகாத் உண்டு. உட்காரும் நாற்காலிக்கும் வேலை செய்யும் கணினிக்கும் இல்லை. வருமானவரித் துறை பணத்தைத் திருப்பித் தரும்போது அதோடு வட்டியும் சேர்ந்து வரலாம். அதைத் தனியே பிரித்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஜி.எஸ்.டி.யைத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி கட்ட வேண்டும். வட்டி கொடுப்பதும் பாவம் என்று தெரிந்தவர்கள் கெடுத் தேதியை மறக்கலாமா?

இவ்வளவையும் எழுதி வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது! 2022 பிப்ரவரியில் வாஹித் இன்வெஸ்ட் என்ற ஹலால் முதலீட்டு நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆணையம் சொன்ன குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? ஷரீஅத்படி நடக்கிறோம் என்று விளம்பரம் செய்தீர்கள், அதை உறுதிசெய்ய எழுத்துப்பூர்வமான நடைமுறை உங்களிடம் இல்லையே என்பது. ஷரீஅத்தைக் காப்பாற்றினாயா என்று நம்மை ஓர் அமெரிக்க அரசு அலுவலகம் கேட்கும் நிலை வந்திருக்கிறது.

அதனால் இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொழில் தொடங்கினால், முதல் வரி நிரல் எழுதும் முன் ஒப்பந்தத்தை எழுதுங்கள். யாருக்கு எத்தனை பங்கு? யார் முழுநேரம் உழைக்கிறார்? சம்பளம் தனியா, பங்கோடு சேர்ந்ததா? ஒருவர் வெளிநாடு போய்விட்டால் பங்கு என்ன ஆகும்? கூட்டாளிகளில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் என்ன? இதைக் கேட்டால் பலர் நல்ல காரியம் தொடங்கும்போது ஏன் அபசகுனமாகப் பேசுகிறீர்கள் என்கிறார்கள். அபசகுனம் பார்ப்பதே நம் மார்க்கத்தில் இல்லையே! நண்பன் மவுத்தான பிறகு அவன் உம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் வாரிசுகளாக வந்து நிற்பார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று மார்க்கம் வகுத்துவிட்டது. ஆனால் எதில் இருந்து வகுப்பது? பங்கு எவ்வளவு, விலை எப்படிப் போடுவது என்று ஒரு தாளும் இல்லையென்றால், அந்த அம்மாவுக்கு நீங்கள் கொடுக்கப்போவது துஆ மட்டும்தானா?

இந்த உரைக்குப் பிறகு இடதுபுறம் உள்ள மேசையில் ஓர் ஆலிமும் ஓர் ஆடிட்டரும் உட்காருவார்கள். கூட்டு ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு பிரிவாகப் படித்துப் பார்த்துச் சொல்வார்கள். ஒப்பந்தமே எழுதாத கூட்டாளிகள் இருவரும் சேர்ந்தே வாருங்கள், மாதிரிப் படிவம் இருக்கிறது. அதைத் தமிழில்தான் எழுதியிருக்கிறோம். வீட்டில் உம்மாவும் படித்துப் பார்க்கலாம். இஷா தொழுகைக்குப் பிறகும் அவர்கள் இங்கேதான் இருப்பார்கள்.